நின்றே சாகும் பேட்டரி: ஆசை வண்டிக்கு எதை வாங்குவது?

பெரம்பூரில் எங்கள் வீட்டில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. 12 வோல்ட்டுக்கு மாற்றிய ஒரு பழைய கிக்கர் புல்லட், அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி, செல்ஃப் உள்ள கிளாசிக் 350. வேலைக்குப் போக மின்சார ரயில் இருக்கிறது. அதனால் இந்த மூன்றும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். மூன்றின் மேலும் எனக்குப் பாசம் உண்டு. அதனால்தான் இந்தப் பேட்டரி விவகாரத்தை இவ்வளவு தூரம் படித்து, அளந்து, எழுதியும் வைத்திருக்கிறேன்.

எந்த பேட்டரி நல்லது என்று கேட்டால் கடைக்காரர் ஒரு பிராண்டைச் சொல்வார், மெக்கானிக் வேறொன்றைச் சொல்வார். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் மனதில் இருப்பது தினமும் ஓடுகிற வண்டி. வாடகைக் காரின் பேட்டரி ஓடி ஓடித் தேய்கிறது. நம்முடையது நின்றே சாகிறது. சாகும் விதமே வேறு என்பதால் தேர்ந்தெடுக்கும் விதமும் வேறாக இருக்க வேண்டும். பிராண்டு, வாரண்டி எல்லாம் அப்புறம். முதலில் இரண்டு கேள்வி: வண்டி நிற்கிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா? வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் அமைப்பு எந்தக் காலத்தது, எத்தனை வோல்ட் தருகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிவு எடுத்தாகிவிட்டது.

நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

1859-ல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு பக்கம் ஈயத் தகடு, இன்னொரு பக்கம் ஈய டையாக்சைடு தகடு, நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது பிரிந்து பழைய நிலைக்குத் திரும்பும். படிந்த புதிதில் அது கோலமாவு மாதிரி இருக்கும், சுலபமாகப் போய்விடும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் கல்லுப்பு மாதிரி பெரிய படிகமாக இறுகிவிடும். இதைத்தான் சல்பேஷன் என்கிறார்கள். பிறகு சார்ஜர் போட்டாலும் அந்தப் பகுதி வேலைக்கு வராது. அப்படி இறுகிய பேட்டரியை ஒரு அடையாளத்தில் கண்டுபிடிக்கலாம்: சார்ஜ் போட்டால் சீக்கிரமே வோல்ட் ஏறி நிறைந்துவிட்டது போலக் காட்டும், செல்ஃப் அழுத்தினால் 9 வோல்ட்டுக்கும் கீழே போய் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

பேட்டரியை யாரும் தொடாவிட்டாலும் அது தானாக இறங்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அது 20, 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தகடு அரிக்கும் வேகமும் அதே போக்கில் ஏறும். ஆசை வண்டி பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதுபவர்கள் எல்லாரும் பனிக்காலத்துக்கு வண்டியை மூடி வைப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். நமக்கு எதிரி கத்திரி வெயில். தகர ஷெட்டுக்குள் மே மாதம் நிற்கிற வண்டியின் பேட்டரி, அங்கே ஜனவரியில் நிற்கிற பேட்டரியைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். குளிர் பேட்டரியின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வெயில் அதன் ஆயுளையே எடுத்துவிடும்.

இதோடு வண்டி குடிக்கிற திருட்டு கரண்டும் சேர்கிறது. ஸ்டீரியோவின் கடிகாரம், அலாரம், யாரோ பொருத்திக் கொடுத்த ஜி.பி.எஸ். டிராக்கர், எல்லாம் சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர்-அவர்; பேட்டரியின் கொள்ளளவையும் இதில்தான் சொல்வார்கள்). 35 ஆம்பியர்-அவர் கார் பேட்டரியில் பாதி, 24 நாளில் காலி. பைக் பேட்டரி என்றால் சொல்லவே வேண்டாம்.

தண்ணி பேட்டரி, டிரை பேட்டரி, லித்தியம்

முதலாவது, மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிற பழைய வகை. கடையில் 'தண்ணி பேட்டரி' என்றாலே கொடுப்பார்கள். விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும். இந்தக் கடைசிக் குணம் எனக்குப் பெரிது. அமிலத்தின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தி, பேட்டரிக்குள் தனித்தனி அறையாக இருக்கும் ஆறு செல்லிலும் முனையை விட்டு உறிஞ்சினால் கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எழும்பும். ஐந்து செல்லில் 1.240 காட்டி ஒன்றில் மட்டும் 1.150 காட்டினால் அந்த செல் போய்விட்டது. இனிமேல் அந்த பேட்டரிக்குச் செலவு செய்யக் கூடாது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பேட்டரி வேறு கிடையாது.

குறைகளும் உண்டு. தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பைக்கில் இருந்தால் மூச்சுக் குழாய் சரியாகக் கீழே தொங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். என் புல்லட்டில் அந்தச் சின்ன ரப்பர் குழாய் எப்போதோ கழன்று விழுந்து, ஆசிட் ஆவி பேட்டரிப் பெட்டியின் பெயிண்டைத் தின்று, பக்கத்தில் இருந்த குரோமைக் கறுக்க வைத்துவிட்டது. பத்து ரூபாய் குழாய். பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கவும் குரோம் ஏற்றவும் ஆன செலவில் ஒரு புதுப் பேட்டரியே வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது, பைக் மெக்கானிக்குகள் 'டிரை பேட்டரி' என்று சொல்வது. உள்ளே ஈரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தகடுகளுக்கு நடுவே கண்ணாடி இழையில் செய்த பாய் ஒன்று அமிலத்தை முழுவதுமாக உறிஞ்சி வைத்திருக்கும். ஏ.ஜி.எம். என்று பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான். சிந்தாது, மூச்சுக் குழாய் வேண்டாம், அதிர்வைத் தாங்கும், தானாக இறங்குவதும் தண்ணி பேட்டரியைவிடக் குறைவு. நின்று கிடக்கிற பைக்குக்கு இதுதான் ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: சார்ஜ் வோல்ட்டை ஒரு அளவுக்குள் நிறுத்தும் ரெகுலேட்டர் வண்டியில் ஒழுங்காக இருக்க வேண்டும். அதிக வோல்ட் ஏறினால் தண்ணி பேட்டரி கொதித்துத் தண்ணீரை இழக்கும். நாம் ஊற்றிச் சரி செய்யலாம். டிரை பேட்டரியும் வால்வு வழியாக நீரை இழக்கும், ஆனால் திரும்ப ஊற்ற வழி கிடையாது. போனது போனதுதான்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. கார் பேட்டரியில் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஏ.ஜி.எம். கிடையாது. உள்ளே தளதளவென்று ஆசிட் இருக்கிற அதே தண்ணி பேட்டரிதான். ஈயத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்திருப்பதால் தண்ணீர் குறைவாக வற்றும், தானாக இறங்குவதும் குறையும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பைக் கடையில் டிரை பேட்டரியைக் குறிக்கவும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சார்ஜரில் எந்த மோடை அழுத்துவது என்பது இதைப் பொறுத்தது என்பதால் வாங்கும்போதே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற பச்சைக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டும்.

ஜெல் பேட்டரியும் இருக்கிறது. இன்வெர்ட்டர், சோலார் பக்கம் அதற்கு நல்ல இடம் உண்டு. வண்டிக்காக நான் தேடிப் போக மாட்டேன்.

மூன்றாவது, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். செல்போன் பேட்டரியின் உறவு என்றாலும் அதைவிடப் பாதுகாப்பான வேதியியல். கையில் எடுத்தால் வெறும் பெட்டியோ என்று சந்தேகம் வரும். ஈய பேட்டரி நாலு கிலோ இருக்கிற இடத்தில் இது ஒரு கிலோ சொச்சம். தானாக இறங்குவது மிகக் குறைவு. முக்கியமாக, பாதி சார்ஜில் மாதக்கணக்கில் நின்றாலும் சல்பேஷன் என்ற பேச்சே இல்லை. விலை பல மடங்கு. படித்த உடனே, நிற்கிற வண்டிக்கு இதுதானே சரி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வாங்கப் போகும்போதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

முதல் விஷயம், பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 14 ஆம்பியர்-அவர். பக்கத்தில் சின்ன எழுத்தில், ஈய பேட்டரிக்குச் சமமான அளவு என்று இருக்கும். உண்மையில் உள்ளே இருப்பது 4 அல்லது 5 ஆம்பியர்-அவர்தான். ஸ்டார்ட் பண்ணும் வேகம் 14-க்குச் சமம் என்பது உண்மை. டிராக்கர் குடிக்கிற கரண்டுக்கோ அந்தச் சமன் செல்லாது. 10 மில்லி ஆம்பியர் குடிக்கிற டிராக்கர் ஒன்று, 4 ஆம்பியர்-அவரை 17 நாளில் துடைத்துவிடும். ஈய பேட்டரியை ஒரு தடவை முழுக்க இறக்கினால் ஆயுள் குறையும், ஆனாலும் பெரும்பாலும் மீட்கலாம். லித்தியம் செல் ஒரு அளவுக்குக் கீழே போனால் மீட்பு கிடையாது. உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துக் காப்பாற்றப் பார்க்கும், அதன் பிறகு சாதாரண சார்ஜர் அதை பேட்டரி என்றே கண்டுகொள்ளாது.

இரண்டாவது விஷயம், சார்ஜ் வோல்ட். லித்தியத்துக்கு 14.2-லிருந்து 14.6-க்குள் இருக்க வேண்டும். 15 போனால் காவல் சர்க்யூட் ஓடும் வண்டியிலேயே பேட்டரியைக் கழற்றிவிடும். இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரி இல்லாமல் ஓடினால் அதன் வோல்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பல்பிலிருந்து மீட்டர் வரை எதுவும் போகலாம். புது வண்டிக்கு இந்தக் கவலை குறைவு. நாற்பது வருடப் பழைய ரெகுலேட்டரை நம்பி இவ்வளவு பணத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை.

வண்டி என்ன சார்ஜ் கொடுக்கிறது

பேட்டரி வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, வேகத்தை 2000 சுற்றுக்கு மேல் வைத்து, பேட்டரி டெர்மினலில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் எந்த வகை ஈய பேட்டரியும் போடலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றும் வரை தண்ணி பேட்டரியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். 13-க்குக் கீழேயே நின்றால் புது பேட்டரி போட்டும் பயனில்லை.

பழைய அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கு, ஆல்டர்னேட்டர் வருவதற்கு முன் அதே வேலையைச் செய்த டைனமோவின் குணம் தெரிந்திருக்கும். ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கிலேயே ஓரளவு சார்ஜ் கொடுக்கும். டைனமோ கொடுக்காது. சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதே, அது 'இப்போது பேட்டரியிலிருந்துதான் எடுக்கிறேன்' என்று வண்டி சொல்வது. ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் அதற்கே சுமார் 8 ஆம்பியர் போகும். ராத்திரி நேரத்தில் நகரத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு வந்தால், புறப்பட்டபோது இருந்ததைவிடக் குறைந்த சார்ஜோடு வீட்டுக்கு வருவோம். டைனமோவின் ரெகுலேட்டர் பெட்டியும் துடிக்கிற காண்டாக்ட் வகை. வயசானால் ஒரு நாள் 13.5, ஒரு நாள் 15.2 என்று போகும். இந்த மேடு பள்ளத்தைப் பொறுத்துக்கொள்வது தண்ணி பேட்டரி மட்டும்தான். மிகப் பழைய ஆங்கிலேய வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கும். யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும். ஒயரைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது.

புல்லட்டில் இதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். ஹெட்லைட் மேல் பதித்த ஆம்மீட்டர் அதற்குத்தான். பழைய புல்லட் ஓட்டுபவர்கள் அதை வைத்தே கிக் அடிப்பார்கள். சாவியைப் போட்டால் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் (தீப்பொறிக்கான கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட்) மூடியிருக்கிறது, தீப்பொறிக்கு வோல்ட்டை உயர்த்தும் காயிலில் கரண்ட் போகிறது என்று அர்த்தம். கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மிதித்து, லீவரை விட்டு, முழுக் கிக் அடித்தால் ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும்.

அதே முள் எச்சரிக்கவும் செய்யும். இன்ஜின் நின்ற பிறகு சாவியை எடுக்க மறந்து, பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால் காயில் 3 ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் காலி, காயிலும் சுட்டுவிடும். பாயிண்ட் உள்ள புல்லட்டில் தீப்பொறிக்கே பேட்டரி வேண்டும் என்பதால் அன்றைக்கு வண்டி நகராது. என் முதல் இரண்டு பேட்டரிகள் இப்படித்தான் போயின. இப்போது வண்டியை விட்டு இறங்கினால் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

6 வோல்ட் ஜாவா, எஸ்டி வைத்திருப்பவர்களுக்குச் சந்தையில் தேர்வு குறைவு. 6 வோல்ட் தண்ணி பேட்டரி தேடினால் கிடைக்கும். அவசரத்துக்கு எமர்ஜென்சி விளக்கில் வருகிற 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-அவர் சீல் பேட்டரியைப் போடுகிறார்கள். அதன் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள்: தொடக்கச் சார்ஜ் 1.35 ஆம்பியருக்குள், தொடர்ந்து சார்ஜில் வைத்தால் 6.9 வோல்ட்டுக்குள், இறக்கி ஏற்றிப் பயன்படுத்தினால் 7.5 வரை. பழைய வண்டியின் டைனமோவோ, ரெகுலேட்டரே இல்லாமல் ஏ.சி.யை டி.சி. ஆக்க மட்டும் செய்யும் வெறும் ரெக்டிஃபயரோ இந்த எல்லைக்குள் நிற்காது. மேலும் வண்டியின் குலுக்கலுக்காகச் செய்த பேட்டரி அல்ல அது. ஒரு சீசனுக்கு ஓடும். அந்த அளவுக்கு மட்டுமே நம்பலாம்.

தீப்பொறிக்கு பேட்டரி தேவைப்படாத மேக்னெட்டோ வண்டிகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஆர்.எக்ஸ். 100 அந்த வகை. பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போட்டுவிடலாம். கிக் அடித்ததும் விளக்கு எரியும், பராமரிப்பு எதுவும் இல்லை. ஐட்லிங்கில் ஹாரன் ஈனசுரத்தில் கேட்கும், இண்டிகேட்டர் திணறும். இன்ஜின் நின்றுவிட்டால் ஒரு விளக்கும் எரியாது என்பதால், ராத்திரி நேரத்தில் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

வாரம் ஒரு ஸ்டார்ட் போதுமா?

போதாது. நிற்கிற வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தில் செய்கிற தவறு இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட்டு அணைத்துவிடுவது. டைனமோ வண்டியில் அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்கு ஒன்றும் ஏறுவதில்லை, ஸ்டார்ட் செய்ய எடுத்ததுதான் மிச்சம். ஆல்டர்னேட்டர் வண்டியிலும் செல்ஃப் எடுத்ததை ஈடுகட்டும், வாரம் முழுக்கத் தானாக இறங்கியதை ஈடுகட்டாது. பேட்டரியை நிறைக்க வேண்டுமென்றால் அரை மணி, முக்கால் மணி ஓட்ட வேண்டும். சூடாகாத இன்ஜினில் ஆவி தண்ணீராகி ஆயிலோடும் சைலன்சருக்குள்ளும் தங்குவது தனிக் கேடு. ஓட்ட நேரமில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதே மேல்.

அப்படியானால் மிஞ்சுவது இரண்டு வழி: ஸ்மார்ட் சார்ஜர் அல்லது கட்-ஆஃப் சுவிட்ச். பிளக் பாயிண்ட் இருக்கிற வீட்டில் சந்தேகமே வேண்டாம், சார்ஜர்தான். ஏற்றி முடித்ததும் தானாக 13.5 அளவுக்கு இறங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தாங்கிப் பிடிக்கிற வகையாக இருக்க வேண்டும். சிடெக், நோக்கோ, ஆப்டிமேட் எல்லாம் இந்த வேலைக்கென்றே செய்பவை. வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிற வசதி இருந்தால் நம் ஊருக்கு நல்லது. 40 டிகிரியில் 25 டிகிரிக்கான வோல்ட் கொடுத்தால் தண்ணீர்தான் வற்றும். லித்தியம் போட்டிருந்தால் அதற்கென்று தனி மோடு உள்ளதை மட்டும் வாங்குங்கள். ஈயத்துக்கான சல்பேஷன் நீக்கும் மோடில் வோல்ட் அதிகமாகப் பாயும், லித்தியம் அதைத் தாங்காது.

நம் கடைகளில் வாங்குகிற தண்ணி பேட்டரிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முழு சார்ஜ் என்றால் 12.7 வோல்ட் காட்ட வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். வெயில் நாட்டு பேட்டரிகளில் ஆயுளுக்காக அமிலத்தைக் கொஞ்சம் நீர்க்க விட்டு 1.240 கிராவிட்டியில் நிரப்புவது வழக்கம். செல் ஒன்றின் வோல்ட், கிராவிட்டியோடு 0.84-ஐக் கூட்டினால் வரும். 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்கு 12.48. ஆகவே ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு மறுநாள் 12.5 காட்டினால் பதற வேண்டாம், அது நிறைந்த பேட்டரிதான். இது தெரியாமல் நான் ஒரு நல்ல பேட்டரியை வாரண்டிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். டிரை பேட்டரியில் 12.8-க்குப் பக்கத்தில் காட்டும். லித்தியத்தில் வோல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசி வரை 13.2-ல் நின்றுவிட்டு ஒரேயடியாகச் சரியும்.

பிளக் பாயிண்ட் இல்லாத அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள். நெகட்டிவ் டெர்மினலில் மாட்டி, திருகினால் இணைப்பு துண்டிக்கிற பித்தளைச் சாமான், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எளிதாகக் கிடைக்கும். திருட்டு கரண்ட் நின்றுவிடும். தானாக இறங்குவது மட்டும் மிச்சம், அதற்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்து, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டமான பால்கனியில் வையுங்கள், சாமி விளக்கு இருக்கிற அறையில் வேண்டாம்.

வெளியே சார்ஜ் போடக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு கடையில் என் புல்லட்டின் 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை வரிசையாகக் கார் பேட்டரிகளோடு சேர்த்து ஒரே கரண்டில் போட்டுவிட்டார்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியர் கொடுக்க வேண்டிய பேட்டரி அது. சாயங்காலம் வாங்கப் போனால் பக்கவாட்டுச் சுவர் வயிறு புடைத்த மாதிரி இருந்தது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். செல் மூடி வழியாகச் சோடா உள்ளே போகக் கூடாது. ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டராக மட்டும் இருக்கட்டும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட்டை மேலே சேர்க்கவே கூடாது, வற்றுவது தண்ணீர்தான்.

நான் போடுவது, நான் சொல்வது

டைனமோ வண்டி, 6 வோல்ட் வண்டி: தண்ணி பேட்டரி. ஹைட்ரோமீட்டரும் சேர்த்து வாங்குங்கள்.

ஒழுங்கான ரெகுலேட்டர் உள்ள 12 வோல்ட் பைக்: டிரை பேட்டரியும் ஸ்மார்ட் சார்ஜரும். என் கிளாசிக்கில் 14 ஆம்பியர்-அவர் டிரை பேட்டரி இருக்கிறது. சார்ஜர் போடுவதற்கு முன் இரண்டு வருடத்தைத் தாண்டாத பேட்டரி, இப்போது ஐந்தாவது வருடத்தில் நிற்கிறது. கிக்கர் புல்லட்டின் ரெகுலேட்டரை மாற்றி 14.2-ல் நிறுத்திய பிறகு அதற்கும் டிரை பேட்டரிதான்.

ஆல்டர்னேட்டர் கார்: சாதாரண கால்சியம் பேட்டரி போதும், காருக்கு ஏ.ஜி.எம். வாங்கி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. பத்மினியில் அதுதான், கட்-ஆஃப் சுவிட்சோடு. அளவைத் தாண்டிப் பெரிய பேட்டரி போட்டால் நாள் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு; நிற்கிற வண்டியில் பெரிய பேட்டரியும் அதே சதவீதத்தில்தான் இறங்கும். வாங்கும்போது குறியீட்டைப் படியுங்கள். 38பி20எல் என்றால் கடைசி எழுத்து பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. எல் வேண்டிய வண்டிக்கு ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் ஒரு நாள் உரசும்.

லித்தியம்: எடை குறைப்பதற்காகவே ஆசைப்படுபவர்கள், புது ரெகுலேட்டர் போட்டவர்கள், டிராக்கர் போன்ற எதுவும் இல்லாதவர்கள், கட்-ஆஃப் சுவிட்ச் வைத்திருப்பவர்கள். இந்த நான்கும் சேர்ந்தால் தாராளமாகப் போடலாம். எங்கள் வட்டத்தில் அப்படி ஒருவர் மட்டும் இருக்கிறார், அவருக்கு அது அருமையாக ஓடுகிறது.

எந்த வகையானாலும் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆசிட் நிரப்பிய பேட்டரி கடை அலமாரியில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் அதுவும் நின்று கிடந்த பேட்டரிதான். சல்பேஷன் கடையிலேயே தொடங்கியிருக்கும். கடைக்காரரிடம் மல்டிமீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார். 12.4-க்குக் கீழே இருந்தால் வேறு பேட்டரி கேளுங்கள். பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஈயத்தின் எடைக்கு ஏற்ப விலையில் கழிப்பார்கள், அதைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022 பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் போட்டால் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.